பேர் சொல்லிக் கூப்பிட்ட நாள்

என் வீட்டுக்காரர் காட்டில் கண்ணி வைக்கிறவர். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளில் இருந்த மற்ற ஆம்பிளைகள் எல்லாம் ரயில் வேலைக்காரர்கள். சங்கு ஊதினால் போவார்கள், சங்கு ஊதினால் வருவார்கள். என்னவர் மட்டும் திங்கட்கிழமை காலையில் உப்புப் பையையும் பாராங் கத்தியையும் தூக்கிக்கொண்டு பூச்சோங் காட்டுக்குப் போனால், வியாழக்கிழமை சாயங்காலம்தான் வருவார். தோளில் உடும்புத் தோலோ மரநாய்த் தோலோ தொங்கும். அதிர்ஷ்டம் இருந்தால் மலைப்பாம்புத் தோல். கிள்ளானில் ஒரு சீனர் கடையில் அதையெல்லாம் வாங்கிக் கப்பலேற்றினார்கள். எந்த ஊர் துரைசானிக்குக் கைப்பையாகப் போய்ச் சேர்ந்ததோ, நான் கண்டதில்லை. நான் கண்டது அதன் நாற்றத்தைத்தான்.

பின்கட்டில் பலகைகளில் தோலை இழுத்து ஆணி அடித்து, சாம்பலும் உப்பும் தேய்த்துக் காயப்போடுவார். பக்கத்து வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு துணி காயப்போட வருவாள். ஒருநாள் அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். உங்க வீட்டுக்காரரின் எஞ்சின் புகையை நாங்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா என்று நானும் திருப்பிக் கொடுத்தேன். வெளியில் அவரை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உள்ளே வந்து, இந்தப் பிழைப்புக்கு என்னைக் கட்டிக்கொண்டு வந்தீர்களா என்று அவரை ஒரு பிடி பிடிப்பேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் கொஞ்சம் திட்டலாம் போலிருக்கும்.

நிலம் அளக்கிற துரைமார் வந்தால் வழிகாட்டியாகவும் போவார். திசை காட்டும் கருவி துரையின் கையில் இருக்கும். எந்தச் சேறு ஆளை விழுங்கும், எந்த ஓடை மதியத்துக்குமேல் பெருகும் என்பது இவர் தலையில் இருக்கும். ஆனால் அதே மனுஷனைப் பாசாருக்குக் காய் வாங்க அனுப்பினால் வழி தெரியாமல் சுற்றிவிட்டு, கத்தரிக்காய்க்குப் பதில் பூசணிக்காயோடு வருவார்.

வீட்டில் இருந்தாலும் பின்கட்டுதான் கதி. அடுப்படியிலிருந்து, "என்னாங்க, சோறு ஆறுது," என்று கூப்பிடுவேன். "தோ வரேன்லா," என்று பதில் வரும். ஆள் வரமாட்டார். மூன்றாவது தடவை என் குரல் ஏறின பிறகுதான் கை கழுவுகிற சத்தம் கேட்கும். எங்கள் இல்லறத்தில் பாதி இந்த இரண்டு வாக்கியத்திலேயே நடந்தது.

பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் காலத்தில் எந்தப் பெண் சொன்னாள்? அவர் பேர் ஒரு சாமியின் பேர். கோயிலில் பாட்டுப் பாடும்போது அந்தப் பேர் வருகிற இடத்தில் நான் வாயை மூடி ராகத்தை மட்டும் இழுப்பேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

காட்டிலும் பேர் சொல்லக்கூடாது. அது வேறு சட்டம். அவரோடு போகிற மலாய்க்காரர் பூச்சோங் கம்பத்தில், காட்டோரத்து மலாய்க் கிராமத்தில், இருந்தார். மாமா என்கிற முறையில் நான் அவரைப் பாக்சிக் என்பேன். காட்டுக்குள் மனுஷன் பேரைச் சொன்னால் அங்கே இருக்கிறது அதை மனப்பாடம் பண்ணிக்கொள்ளும், பிறகு தெரிந்தவர் குரலிலேயே கூப்பிடும், பதில் சொன்னவன் திரும்பி வரமாட்டான் என்று பாக்சிக் சொல்லுவார். அதனால் உள்ளே இருவரும் 'கூ' என்றுதான் குரல் கொடுத்துக்கொள்வார்கள். உங்கள் காட்டுக்கும் எனக்கும் ஒரே வழக்கம்தான் என்று நான் கேலி செய்வேன்.

ஒரு தடவை பாக்சிக்குக்குக் காய்ச்சல். இவர் தனியாகப் போனார். வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் நான் மாட்டுவண்டி பிடித்துக் கம்பத்துக்குப் போய் நின்றேன். பாக்சிக் போர்வையோடு எழுந்து வந்தார். நான் வரக்கூடாது என்றார். வருவேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேர் மட்டும் சொல்லிவிடாதே என்று எச்சரித்துக் கூட்டிப்போனார்.

கண்ணி வைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றில் மரநாய் செத்து எறும்பு மொய்த்துக் கிடந்தது. கண்ணியில் விழுந்ததை அவர் ஒருநாள்கூட அப்படிப் போட்டுவைக்க மாட்டார். பாக்சிக் 'கூ' கொடுத்துக்கொண்டே நடந்தார். காய்ச்சலில் தொண்டை கட்டி, அந்தச் சத்தம் இருபது அடிகூடத் தாண்டவில்லை. மதியத்துக்கு ஒரு மேட்டில் என்னை உட்காரவைத்துவிட்டு, ஓடைப் பக்கம் பார்த்து வருகிறேன் என்று கீழே இறங்கினார்.

தனியாக உட்கார்ந்திருந்தேன். சட்டம் என்ன சட்டம் என்று தோன்றிவிட்டது. எழுந்து நின்று அவர் பேரை முழுசாக, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். என் வாயில் அந்தப் பேரை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். மூன்று தடவை கத்தினேன். காடு அப்படியே இருந்தது. அவர் போய்விட்டார் என்று அப்போதுதான் நம்பினேன்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு நாளாக அவருக்கென்று சோறு எடுத்துவைத்து, எடுத்துவைத்து, கொட்டினது நான். யாருமில்லாத காட்டைப் பார்த்து, வீட்டில் கத்துகிற மாதிரியே கத்தினேன்.

"என்னாங்க, காது கேக்குதா இல்லையா? சோறு ஆறுது!"

மேட்டுக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து வந்தது பதில்.

"தோ வரேன்லா."

யாரோ ஈயம் தேடி வெட்டிப்போட்ட பழைய குழி. தழை மூடிக் கிடந்ததில் விழுந்து இடது கால் முறிந்திருந்தது. துரைமாருக்கெல்லாம் வழிகாட்டினவர், நான் நின்ற இடத்திலிருந்து முப்பது அடியில், ஊறின தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பாக்சிக் கம்பத்து ஆட்களைக் கூட்டிவந்து, கொடி வெட்டிக் கயிறாகக் கட்டித் தூக்கினார்.

வண்டியில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பேர் சொல்லி அத்தனை கத்தினேனே, கேட்கவில்லையா என்றேன். நன்றாகக் கேட்டதாம். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிடந்தாராம்.

"உன் குரல்ல என் பேரு வந்துச்சு. நீ சொல்லவே மாட்டியே. அதான் பேய்னு நினைச்சேன். சோறு ஆறுதுன்னு கேட்டதும்தான் நீன்னு தெரிஞ்சுச்சு."

அவரை அப்படியே அடிக்கலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. வண்டிக்காரர் இருந்ததால் இரண்டும் செய்யவில்லை.

கால் கூடியது, கொஞ்சம் கோணலாக. பிறகும் காட்டுக்குப் போனார், தூரம் மட்டும் குறைந்தது. நல்ல மனநிலையில் இருக்கும்போதெல்லாம், இன்னொரு தடவை என் பேரைச் சொல்லேன் என்று கெஞ்சுவார். கூப்பிட்டபோது வந்திருக்கணும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இப்போது அது எனக்கு வலிக்கிறது.

ரொம்ப வருஷம் கழித்து, காட்டில் இல்லை, வீட்டில் பாயில் படுத்துத்தான் போனார். சாவைப் பதிய ஆபீசுக்குப் போனேன். கிராணி ஏட்டைத் திறந்து பேர் கேட்டார். எழுதிக் காட்டுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் வாயாலேயே சொன்னேன், முழுசாக. எழுதிக்கொண்டார். முத்திரை குத்தினார்.

காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தேன். வாசலுக்கு வந்ததும் பக்கத்தில் திரும்பி, "என்னாங்க, போலாமா?" என்றேன். அப்புறம் தனியாகப் படியிறங்கினேன்.