இருசப்பன் ஜெயித்துத் தொலைத்த பட்டிமன்றம்

இருசப்பன் ஒரு தோங் டீசல் வாங்கிக்கொண்டுதான் அப்படிப் பேசினார் என்பது வதந்தி. பெஸ்தாரி ஜெயா ரொட்டிக் கடையில் நான் கேட்டபோது அது ஒரே ஒரு தோங்தான், பெரிய பீப்பாய். ஈஜோக்கில் இரண்டாகிவிட்டது. கோலா சிலாங்கூர் மீன் சந்தையில் மூன்று தோங்கும், கூடவே மகனுக்கு அரசாங்க வேலையும். சபாக் வரை போய் விசாரித்திருந்தால் மனிதருக்கு ஓர் எண்ணெய் நிலையமே கிடைத்திருக்கும்.

விலை ஏறிய நாளிலிருந்து இவ்வளவு தாராளமாக டீசல் ஊற்றப்பட்ட இடம் வேறெதுவும் தெரியாததால், நேரில் பார்த்துவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

தோங் இருந்தது. வாசலிலேயே, நீல நிறத்தில், மூடி போட்டு.

"தெறந்து பாருங்க சார்," என்றார் இருசப்பன். "போறவன் வர்றவன்லாம் எட்டிப் பாக்குறான். நீங்களாச்சும் கேட்டுட்டுப் பாக்குறீங்க."

உள்ளே தண்ணீர். சிலாங்கூரில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். குழாயில் காற்று மட்டும் வரும் நாட்களுக்காகப் பிடித்து வைத்தது.

அவர் மனைவி இராஜம்மா கோப்பியைக் கொண்டுவந்து வைத்தார். "ஒரு தோங் டீசல் குடுத்திருந்தா நானே இவர வருஷம் பூரா மேடையில ஒக்கார வச்சிருப்பேன் லா. ஓசியில பேசிட்டு வந்து, இப்ப சோறு எறங்கலன்னு என் உசுர வாங்குறாரு."

ஆக, வதந்தி பொய். அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் இருசப்பன் அந்தத் தோங்கை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார், அதில் டீசல் இருந்திருக்கக் கூடாதா என்பதுபோல.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தோட்டம் வீட்டுமனைகளானபோது வெளியே வந்து, பல வருடமாக வேன் ஓட்டுகிறார். காலையில் பெண்களை ஏற்றி ரவாங் தொழிற்சாலைகளில் விடுவது, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவது. சொத்து என்று பார்த்தால் அந்த டீசல் வேனும் ஒரு குரலும். கல்யாண மண்டபத்தில் "சிவப்புக் கார் வழியை மறைக்கிறது" என்று அவர் அறிவித்தால்கூட ஆட்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மைக் கிடைத்ததே தவிர, மேடையில் நாற்காலி மட்டும் அவருக்குக் கிடைத்ததே இல்லை.

அதே பாதையில் வேன் ஓட்டுகிறவர் புஷ்பா. தினமும் ரொட்டிக் கடை முன்னால் இரண்டு வேனும் ஒட்டி நிற்கும். ஒரு தேத்தண்ணியை இரண்டு கோப்பையில் ஊற்றிக் குடிப்பார்கள். டீசல் விலை ஏறியதும் யோசனை சொன்னவர் புஷ்பாதான். ஞாயிற்றுக்கிழமை வேன்காரர்கள் எல்லாரும் வரிசையாக, விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே கோலா சிலாங்கூர் வரை போக வேண்டும். "நமக்குத்தான் வாயத் தெறக்கத் தெரியல, வண்டியாச்சும் கத்தட்டும்ணே." பத்துப் பன்னிரண்டு பேர் சரி என்றார்கள். முதலில் கை தூக்கியது இருசப்பன்.

அதற்கு முந்தைய சாயங்காலம் கோயிலில் ஆடித் திருவிழாப் பட்டிமன்றம். தலைப்பு: எண்ணெய் விலைக்கும் வரிக்கும் எதிராகத் தெருவில் இறங்கத்தான் வேண்டுமா? இதில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டு பக்கமும் என் வீட்டிலேயே இருக்கின்றன. 'வேண்டும்' அணியில் இருசப்பனுக்கு ஒரு நாற்காலி. கிளம்பும் நேரத்தில் அவர் வண்டியில் எண்ணெய் இல்லை. புஷ்பா தன் வேனிலிருந்து குழாய் போட்டு, வாயால் உறிஞ்சி, ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய்ப் பாட்டில் நிறைய டீசல் எடுத்துக் கொடுத்தார். துப்பிவிட்டுச் சொன்னார்: "போய்க் கிழிண்ணே. நானும் பின்னாலயே வர்றேன்."

கோயிலில் நிர்வாகத் தலைவர் தேவன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, 'வேண்டாம்' பக்கம் பேச வேண்டிய ஆளுங்கட்சிக்காரர் வரல. காய்ச்சலாம்."

"கட்சிக்காரருக்கு இந்தத் தலைப்புன்னா காய்ச்சல் வராம?"

"நாற்காலி காலியா கெடந்தா அசிங்கம்ணே. நீங்க அந்தப் பக்கம் போய் ஒக்காருங்க. சும்மா பட்டிமன்றந்தானே?"

இருசப்பன் உட்கார்ந்தார். முதலில் திணறினார். பிறகு எங்கிருந்தோ அது வந்தது: "ஐயா, நாளைக்கு ஊர்வலம் போறதுக்கு வண்டியில எண்ணெ ஊத்தணுமா வேணாமா? வெல ஏறிப்போச்சுன்னு கத்துறதுக்கு, அந்த எண்ணெயவே அந்த வெலைக்கே வாங்கி, ரோட்டுல எரிச்சிட்டு வரப்போறோம். அரசாங்கத்துக்கு இதவிட நல்ல வாடிக்கைக்காரன் எங்கய்யா கெடைப்பான்?"

கோயில் அதிர்ந்தது. தவில்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கை தட்டுற சத்தம் கேட்டதும் வாய் என் பேச்சக் கேக்கல சார்," என்றார் என்னிடம். "ஒண்ணு சொன்னேன், இன்னொண்ணு வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. மூணாவது வரிசையில புஷ்பா தங்கச்சி மட்டும் சிரிக்கல. அதப் பாத்தேன். பாத்தும் நிறுத்தல."

நடுவர் கதிரவேலு, கோலா சிலாங்கூர்ப் பழைய வக்கீல், 'வேண்டாம்' என்று தீர்ப்பளித்துப் பொன்னாடையும் போர்த்தினார்.

வீடு திரும்புமுன்னே வேன்காரர்களின் போன் வர ஆரம்பித்தது. "அண்ணே, நீங்கதானே சொன்னீங்க? நான் நல்ல வாடிக்கைக்காரன் இல்ல லா, நாளைக்குத் தூங்கப்போறேன்." ஒவ்வொருவரும் அவர் நகைச்சுவையை அவருக்கே திருப்பிச் சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தார்கள்.

ஞாயிறு காலை ரொட்டிக் கடை முன்னால் ஒரே ஒரு வேன். புஷ்பாவுடையது. இருசப்பனும் போயிருந்தார், ஆனால் வண்டியை இரும்புக் கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்.

"ஏன் முன்னால போகல?" என்றேன்.

"ஜெயிச்சவன் போய்த் தோத்த பக்கம் நின்னா சிரிப்பாங்கன்னு நெனச்சேன்." கோப்பியில் ஆடை படிந்துவிட்டது, அவர் தொடவில்லை. "தங்கச்சி ரொம்ப நேரம் நின்னுச்சு சார். அப்புறம் ஒத்தையா, லைட்டப் போட்டுக்கிட்டு, ஹாரன் அடிச்சிக்கிட்டே போச்சு."

வழியில் மோட்டார் சைக்கிளில் வந்த போலீஸ்காரர் நிறுத்தி, மரியாதையாகவே, மாப்பிள்ளையும் பெண்ணும் எந்த வண்டியில் வருகிறார்கள் என்று புஷ்பாவிடம் கேட்டாராம்.

மறுநாளிலிருந்து புஷ்பாவின் வேன் வரிசையின் அந்தக் கோடியில் நிற்கிறது. இருசப்பன் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனால் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார். "காசு, டுயிட்டு வாங்கியிருந்தாலும் திருப்பிக் குடுத்துட்டு மன்னிப்புக் கேக்கலாம். கைதட்டல எங்க சார் கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்குறது? நீங்களாச்சும் இதக் குடுத்துருங்க."

பாட்டிலோடு போனேன். புஷ்பா வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோங் கதை பொய் என்றேன்.

"தெரியும். காசுக்குப் பேசுற ஆளில்ல அவரு. காசுக்குப் பேசியிருந்தா நாலு நாள் திட்டிட்டு விட்டிருப்பேன்." துணியைப் பிழிந்தார். "இரும்புக் கடைக்குப் பின்னால நின்னாரே, சொன்னாரா?"

"உங்களுக்கு எப்படி...?"

"சைடு கண்ணாடியில வேன் மூக்கு தெரிஞ்சிச்சு. இதோ வருவாரு, இதோ வருவாருன்னுதான் அவ்வளவு நேரம் நின்னேன்."

பாட்டிலை வாங்கவில்லை. "அவரயே கொண்டாரச் சொல்லுங்க. வீட்டுலேருந்து இங்க வரைக்கும், லைட்டப் போட்டுக்கிட்டு, ஹாரன் அடிச்சிக்கிட்டே. ஒத்தையா. அப்புறம் வாங்கிக்குறேன்."

போய்ச் சொன்னேன். "பாத்துச்சா?" என்று மட்டும் கேட்டார் இருசப்பன். அதன்பிறகு என்னை வழியனுப்பக்கூட எழவில்லை.

அடுத்த திங்களன்று விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினாராம். கடைத்தெரு முனையில் கை ஹாரன் மேல் போயிருக்கிறது. பின் சீட்டிலிருந்து ஒரு பெண், "என்னண்ணே, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்க, வேன் முழுக்கச் சிரிப்பு. மேடைக்குப் பிறகு அவர் வாங்கிய முதல் பெரிய சிரிப்பு அது. ஹாரனை அடிக்காமலே விளக்கையும் அணைத்துவிட்டார்.

அவர் வேனில் போகும் பெண்களைப் போன வாரம்கூடக் கேட்டேன். பின்னால் இடிபட்டுக்கொண்டுதான் போகிறார்களாம். முன் சீட்டில் அந்தப் பாட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு, தினமும் ரவாங் போய் வருகிறது.