அப்பப்பா செத்த நாளைத் தேடி: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

எங்கள் அப்பப்பா கொட்டாஞ்சேனையில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் செத்த நாளை வைத்து அவருடைய இரண்டு பிள்ளைகளும் வருடக்கணக்காகக் கதைப்பதில்லை. என் அப்பா சித்திரையில் திவசம் செய்வார். அப்பாவின் அக்கா, அதாவது என் கொட்டாஞ்சேனை மாமி, அது பிழையான நாள் என்று வைகாசியில் தனியாகச் சமைத்துப் படைப்பார். "பொம்பிளைப்பிள்ளை திவசம் செய்யிறதோ?" என்று அப்பா ஒருமுறை வாயைவிட்டார். அன்றோடு போக்குவரத்து நின்றது.

போன வருடம் அப்பாவுக்குக் கனடா விசா வந்தது. அங்கே இருக்கும் என் அண்ணாவிடம் போகிறார், எழுபது வயது, இனித் திரும்புவாரோ தெரியாது. அக்காவிடம் சொல்லாமல் அவர் பிளேன் ஏறுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பப்பாவின் மரணச் சான்றிதழை எடுத்துக் காட்டினால் சண்டை முடியும் என்று நம்பினேன். அரசாங்கப் பதிவோடு யார் வாதாடப் போகிறார்கள்? என் புத்தி அவ்வளவுதான்.

காலை எட்டு மணிக்கு அப்பாவும் நானும் வெள்ளவத்தையில் பஸ் ஏறினோம். கொட்டாஞ்சேனை பத்துக் கிலோமீற்றர்தான். ஆனால் யுத்த காலத்துக் கிலோமீற்றருக்கு நீளம் அதிகம். புறக்கோட்டைக்கு முன்பே இரண்டு தரம் சோதனைக்கு இறக்கி ஏற்றினார்கள். அங்கிருந்து இருநூறு ரூபாய் பேசி ஓட்டோ பிடித்தோம். கொச்சிக்கடைப் பக்கம் மூன்றாவது சோதனைச்சாவடி. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் புரட்டிய ஆமிக்காரப் பையன், "கொஹேத யன்னே?" என்றான். எங்கே போகிறோம் என்று கேட்கிறான். சீயாவின், அதாவது தாத்தாவின், மரணச் சான்றிதழ் எடுக்க என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பாவம், முகம் வாடிவிட்டது. எப்போது செத்தார் என்று மெதுவாகக் கேட்டான். நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று கொழும்பு நடுங்கிய வருடம் என்றேன். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவ்வளவு அவசரமென்றால் சீக்கிரம் போகச் சொன்னான்.

பதிவு அலுவலகத்தில் விண்ணப்பத்தின் முதல் கேள்வியே இறந்த தேதி. அதைத் தெரிந்துகொள்ளத்தானே வந்தோம்! அப்பா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சித்திரை எண்டு போடு" என்றார். போட்டால் மாமிக்குத் துரோகம். வருடத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன். உள்ளே இருந்த ஐயா, "டேட் எக்க?" என்று தேதியைக் கேட்டுத் திருப்பித் தந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, தன் அம்மாவும் சித்தியும் காணிக்காக இப்படித்தான் என்றபடி பழைய புத்தகங்களை எடுக்கப் போனார். அவர்களுடைய மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு பதிவு கிடைத்தது. சுருட்டு வியாபாரி, காய்ச்சல், அறிவித்தவர் பக்கத்துக் கடைக்காரர். தேதியைப் பஞ்சாங்கக் கணக்கில் பார்த்தால் சித்திரையுமில்லை, வைகாசியுமில்லை. பங்குனி.

அப்பா கண்ணாடியைக் கழற்றி, "நட, அக்காவிட்டக் காட்டுவம்" என்றார்.

"ஏனப்பா?"

"அவவும் பிழைதானே!"

அத்தனை வருடம் மிதிக்காத படியை அந்தச் சந்தோஷத்தில் ஏறினார். மாமி கதவைத் திறந்து, தம்பியைப் பார்த்தும் பாராமல், கடதாசியை மட்டும் வாங்கினார். இரண்டு தரம் வாசித்தார்.

"இது பிழை" என்றார் மாமி. "வெள்ளைக்காரன்ர காலத்துக் கிளாக்கருக்கு என்ன தெரியும்?"

"அதைத்தான் நானும் யோசிச்சனான்" என்றார் அப்பா. "ஆரோ நித்திரை தூங்கி எழுதியிருக்கிறான்."

பதிவை எதிர்த்து இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் மாமி கடதாசியைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கு அப்ப அம்மாள் வருத்தம், தம்பி, உடம்பெல்லாம் கொப்புளம். ஊரில சின்னம்மா வீட்டில படுத்திருந்தனான். அம்மாள் நிக்கிற வீட்டில சாவு கதைக்கப்படாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. மாறித் தலைக்கு வார்த்த பிறகு, வைகாசியிலதான் சொன்னவை."

"எங்களுக்குச் சித்திரையில சொல்லி வந்தது" என்றார் அப்பா. குண்டு விழும் பயத்தில் அப்பப்பா குடும்பத்தை ஊருக்கு ரயிலேற்றிவிட்டு, தான் மட்டும் கடையோடு நின்றவர். "அண்டைக்குக் காலமையும் ஐயா வருவாரெண்டு படலையைத் திறந்துவைச்சு நிண்டனான், அக்கா."

செய்தி கேட்ட நாளைத்தான் இரண்டு வீட்டிலும் திதியாகப் பிடித்திருக்கிறார்கள். ஐந்து வயதுப் பையன் அழுத நாள் ஒன்று, எட்டு வயதுப் பிள்ளை அழுத நாள் ஒன்று. யாருடையதைப் பிழை என்பது?

"சாப்பிட்டனீயோ?" என்றார் மாமி. அப்பா இல்லை என்று தலையாட்டினார். புறக்கோட்டையில் நான் வாங்கிக் கொடுத்த இரண்டு ரோல்ஸைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: அடையாள அட்டை, பொலிஸ் பதிவு இரண்டையும் கையிலேயே வைத்திருங்கள். இறந்த தேதி தெரியாவிட்டாலும் ஊரும் வருடமும் போதும், தேடித் தருவார்கள். ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், தண்ணீர் கொண்டு போங்கள். சண்டைக்காரர் ஒருவரையாவது கூட்டிப் போவது நல்லது.

இந்த வருடம் அப்பா கனடாவில் வைகாசியில் திவசம் செய்தார், அக்காவின் நாளாம். மாமி கொட்டாஞ்சேனையில் சித்திரையில் படைத்தார், தம்பியின் நாளாம். பங்குனியில் வெள்ளவத்தையில் நான் ஒரு நேரச் சோறு வைத்து விளக்கேற்றினேன். பக்கத்தில் ஒரு சுருட்டும் வைத்தேன். இருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிழையான நாள் என்பார்கள்.