செருப்பைக் கழற்றும் இடம்

முதலில் காணாமல் போனது சாக்பீஸ். எண்ணூரில் என் மகள் சங்கீதா படிக்கும் பள்ளியில் டப்பாவில் இருந்த சாக்பீஸ் குறைந்துகொண்டே வர, ஒருநாள் டீச்சர் அவளை வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கு வெள்ளையாக இருந்தது.

எனக்குத் தலைகுனிவு. அந்தப் பள்ளியில் சுகாதாரப் பாடம் நடத்துவதே நான்தான். நாங்கள் இருளர். முகத்துவாரச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பது எங்கள் தொழில். நான் பத்தாவது படித்தவள் என்பதால், குடற்புழு வராமல் தடுப்பது எப்படி என்று எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு எங்கள் பேச்சிலேயே சொல்லித்தர என்னை வைத்திருந்தார்கள். கை கழுவு, நகம் வெட்டு, செருப்புப் போடு. வாரம் ஒரு வகுப்பு.

என் வீட்டுப் பெண்ணே சாக்பீஸ் தின்றால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய் நிற்பது? திட்டித் தீர்த்தேன். அடித்தும்விட்டேன். இதைப் படிக்கிற தாய்மார்கள் அந்த அடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மண்ணையும் சாக்பீஸையும் தின்னத் தோன்றுவது இரத்தம் குறைந்தால் வருகிற ஆசை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. ஹீமோகுளோபின் (இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சத்து) ஏழுதான் இருந்தது. மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டை. (மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து ஏறி, குடலைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் புழு இது.)

“செருப்புப் போடுவாளாம்மா?”

“போடாம அனுப்பவே மாட்டேன் மேடம். பாடம் எடுக்கறதே நான்தான்.”

“சேத்துல எறங்குவாளா?”

“லீவு நாள்ல எங்கூட வருவா.”

“அலை ஏறி எறங்குற உப்புச் சேத்துல இந்தப் புழு பெருசா பிழைக்காது. வேற எங்கியோ வெறுங்கால் வைக்கிறா. எங்கன்னு பாருங்க. மாசக் கடைசியில எட்டையாவது தொடலன்னா ரத்தம் ஏத்தணும்.”

அல்பெண்டசோல் (குடற்புழு மாத்திரை) கொடுத்தார்கள், கூடவே இரும்புச்சத்து டானிக். டானிக் குடித்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். நான் பயந்தேன்.

அந்த மாதம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் அவள் இமை, மதியம் நகம், சாயங்காலம் மறுபடி இமை. தண்ணீர் வற்றும் நேரத்தைத் தவறவிட்டு இறாலுக்குப் போனேன். பறியைப் (இறால் போடும் ஓலைக்கூடை) பல்லில் கடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் தவழ்ந்தாலே மூச்சு வாங்கியது. கவலையில் வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் ஒன்பது. இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் நான்கு மாதம் கழித்துச் சங்கீதா வீட்டுச் சுவரைச் சுரண்டித் தின்றாள். சோதித்தால் மறுபடி முட்டை.

“மாத்திரை வேலை செஞ்சுது. அதே மண்ணுல திரும்பக் கால் வைக்கிறா,” என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலை அவள் பின்னாலேயே போனேன். எங்களுக்குக் கழிவறை கிடையாது. கட்டித்தருவதாக அளந்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். எல்லோரும் கருவேலங்காட்டுக்குத்தான் போகிறோம். வழியில் எங்கள் தெய்வம் கன்னியம்மா ஏழு கல்லாக இருக்கிறாள். அவள் முன்னால் செருப்போடு நடக்க மாட்டோம். அவளுக்கு இந்தப் பக்கமே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அவளைக் கடந்து, அப்படியே காட்டுக்குள் போய்விட்டு, திரும்பி வந்து மாட்டிக்கொள்வோம்.

அங்கே பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. என் பாடத்தைக் கேட்டு நடக்கிற பிள்ளைகள்தான் எல்லோரும். சங்கீதாவைத் திட்ட வாயெடுத்தவள் என் காலைப் பார்த்தேன். அதுவும் வெறுங்கால். எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கன்னியம்மாவுக்குப் பூசை போடுவது என் கணவர் ஏழுமலை.

“காட்டுக்கு வேற பக்கமா வழி வெட்டணும்யா,” என்றேன்.

“அம்மாவ சுத்திக்கினு போறதா? அவ இன்னா நெனைப்பா?”

“அவ மூஞ்சிக்கு முன்னாடியே அந்த வேலைக்குப் போய்க்கினு கீறோமே, அதுக்கு இத்தினி நாளா இன்னா நெனைச்சிருப்பா?”

அவர் அன்று சாயங்காலம் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூன்று நாளில் முள் வெட்டி, அவளைவிட்டு விலகி வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை வந்தது.

வகுப்பையும் மாற்றினேன். செருப்புப் போடு என்று இப்போது சொல்வதில்லை. எங்கே கழற்றுகிறாய் என்று கேட்டு, எழுந்தது முதல் தூங்கும்வரை போகிற வழியைத் தரையில் சாக்பீஸால் வரையச் சொல்கிறேன். உங்கள் ஊரில் அது வேறு இடமாக இருக்கும். போய்ப் பாருங்கள்.

போன மாதம் சங்கீதாவின் இமையை இழுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

“எப்பப் பாரு நோண்டிக்கினு. உன்னுத காட்டு.”

சிரித்தபடி என் இமையை இழுத்தவள் சிரிப்பை நிறுத்தினாள். “எம்மா, உனக்கு வெள்ளையா கீதும்மா.”

சோதித்தால் எனக்கு ஆறரைதான். சேற்றில் மூச்சு வாங்கியது, படி ஏறினால் கண் இருட்டியது எல்லாவற்றையும் இத்தனை வருடமாகக் கவலை, வேலை, வயது என்று சொல்லியே ஓட்டியிருக்கிறேன். என் வயது முப்பத்திரண்டுதான். களைப்பில்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

புழு மாத்திரையை வாயில் போட்டேன். எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழுங்காத, மெல்லு. நீதான சொல்லிக் குடுத்த.”

மென்றேன். வாயெல்லாம் சாக்பீஸ் மாவு போல ஆனது. அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது.