இரண்டு நிமிட இடைவெளி

எனக்குச் சீனி வருத்தம் வந்தபோது என் மனைவிக்கு அது வந்து பத்து வருடம். அவள் இன்சுலின் போடுபவள். அதனால் இரத்தச் சீனி பார்க்கும் ஸ்ரிப் அரசாங்க மருந்துத் திட்டத்தில் அவளுக்குத் தாராளம். விழுங்க ஒரு குளிசைகூட இல்லாத எனக்கு வருடத்துக்கு இருநூறுதான். இருநூறோ இருபதோ, அப்போது நான் கவலைப்பட்டதில்லை. காலையில் தனக்குப் பார்த்துவிட்டு, ஊசியை மாற்றி, அதே மீற்றரோடு என்னிடம் வருவாள்.

"இஞ்சாருங்கோ, கையைத் தாங்கோ."

குத்துவதற்கு முன் விரலைத் தேய்த்துச் சூடாக்குவாள். எண் கூடியிருந்தால், முதல் நாள் யார் வீட்டில் எத்தனை வடை தின்றேன் என்ற விசாரணை தொடங்கிவிடும்.

போன மாசியில் நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

பிறகு நானே குத்திக்கொண்டேன். வேறு வேலையில்லாமல் சில நாள் இரண்டு தரமும் பார்ப்பேன். அவள் மிச்சம் விட்டதும் என்னுடைய இருநூறும் ஆவணிக்குள் முடிந்தன. மில்லிக்கன் பிளாசாவில் உள்ள பார்மசிக்குப் போனேன்.

"அங்கிள், இந்த வருசத்துக்கு உங்களுக்கு உள்ளது முடிஞ்சுது. இனிக் காசு குடுத்துத்தான் வாங்கோணும்," என்றாள் அங்கே வேலை செய்யும் பிள்ளை.

"விரல் என்ர, ரத்தம் என்ர. எத்தினை தரம் குத்திறதெண்டு உவையளோ சொல்லுறது?"

வாங்க வசதியில்லாமல் இல்லை. வெறும் வீம்பு. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

மேசையில் கிடந்த மீற்றரை எடுத்துச் சும்மா பொத்தானை அமத்தினேன். பழைய எண்கள் நேரத்தோடு ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வந்தன. எல்லாம் நான் மட்டும். கடைசியில் சோடி சோடியாக வந்தன. காலை ஐந்து நாற்பது, அவள். ஐந்து நாற்பத்திரண்டு, நான். அப்படி மூன்று காலைகள். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. புதிது ஒன்று ஏறினால் பழையது ஒன்று அழியும் என்பது அப்போதுதான் விளங்கியது. குத்தக் குத்த அவளை நானே அழித்திருக்கிறேன். அந்தப் பிள்ளை இன்னொரு பெட்டி தந்திருந்தால் இந்த மூன்று காலையும் போயிருக்கும். வாய்விட்டு அழுதேன்.

அடுத்த நாளே போய், பேசியதற்கு மன்னிப்புக் கேட்டு, காசு கொடுத்து ஸ்ரிப்பும் புது மீற்றரும் வாங்கினேன். பழையதில் இனி எதுவும் ஏறாது.

அந்த எண்களில் எனக்கு ஒன்றுமில்லை. ஐந்து நாற்பதுக்கும் ஐந்து நாற்பத்திரண்டுக்கும் இடையில்தான் அவள் ஊசியை மாற்றினாள், நடந்து வந்தாள், என் விரலைத் தேய்த்தாள். இப்போதும் குத்துவதற்கு முன் இரண்டு நிமிடம் கையை நீட்டிக்கொண்டு இருக்கிறேன்.