கச்சா விழுந்த காலம்

நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. பெரிய பெரிய நாடுகளே அதில் ஆடிப்போனதாகப் பிற்பாடு படித்தேன். தில்லியில் அது எங்கள் காரை மேம்பாலத்தின் நடுவில் நிறுத்தியது.

கார் அப்பாவுடையது. மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து வாங்கிய பழைய வண்டி. அதைக் கிட்வாய் நகர்க் குடியிருப்பின் வாசலில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைப்பார். எண்ணெய் விலை என் மாமாவுடையது. அம்மாவின் ஒரே தம்பியான அவர், கலெக்டர் பரீட்சைக்குப் படிப்பதற்காகப் பாளையங்கோட்டையிலிருந்து வந்து, முனிர்காவில் ஜன்னலில்லாத ஓர் அறையில் இருந்தார். சாயங்காலமானால் நாளிதழை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார்.

"அத்தான், கச்சா இன்னைக்கும் விழுந்துட்டு" என்பார், செருப்பைக் கழற்றும்போதே.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தில் நான் பேசியது இந்தி. அதில் கச்சா என்றால் பச்சையானது, சுத்திகரிக்காதது. அதையே கொஞ்சம் மூச்சு விட்டுச் சொன்னால் அரைக்கால் உள்ளாடை. மாமாவின் இந்தியில் மூச்சு எப்போதும் வேண்டாத இடத்தில்தான் வரும். தினம் ஒரு உள்ளாடை விழுவதைக் கேட்டு அப்பா ஏன் இவ்வளவு கவலையாகத் தலையாட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்நாட்களில் பெட்ரோல் விலை பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் மாறும். மாமாவின் யோசனை மிக எளிமையானது. கச்சா விழுந்தால் பெட்ரோலும் விழுந்தே தீரும். ஆகவே இப்போது டேங்கை நிரப்புகிறவன் ஏமாளி.

"பதினஞ்சு நாள் பொறுங்க அத்தான். அப்புறம் பாருங்க."

அப்பா பொறுத்தார். பதினைந்து நாள் கழித்து விலை இறங்கவும் செய்தது, சில்லறைக் காசு அளவுக்கு. மீதி எங்கே போனது என்று அப்பா கேட்டார். "வரிய ஏத்திட்டாங்க அத்தான். அங்க எறங்குனதுல பாதிய இங்க வரியா புடிச்சிக்கிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அப்படிச் செய்ய முடியாதுல்லா? அடுத்த தடவை பெரிசா விழும்" என்றார் மாமா. அடுத்த தடவையும் வரி ஏறியது. மாமா அதற்கும் அடுத்த தடவையைக் காட்டினார்.

இதற்கிடையில் அப்பா அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று போட்டு ஓட்டினார். சிக்னலில் எஞ்சினை அணைத்தார். இறக்கம் வந்தால் முகம் மலர்ந்தார். பங்கில் பெட்ரோல் போடுகிறவர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "சாப், யே காடி ஹை யா லைட்டர்?" என்று கேட்டுவிட்டார். இது காரா, சிகரெட் பற்றவைக்கிற லைட்டரா என்று அர்த்தம். அப்பா தனக்கு இந்தியே தெரியாததுபோல என்னைப் பார்த்தார்.

அம்மா நர்ஸ். ஆறு வருஷமாக ஒப்பந்த வேலையிலேயே இருந்தாள். துவாரகாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. தேர்வு நாளும் விலை மாறுகிற நாளும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். முந்தின நாள் பெட்ரோல் போடப் போன அப்பாவை, "ஒரே ஒரு ராத்திரி பொறுங்க அத்தான்" என்று மாமா நிறுத்திவிட்டார்.

காலையில் கஞ்சி போட்ட புடவையும் கையில் ஃபைலுமாக அம்மா முன்னால் உட்கார்ந்தாள். நானும், ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட மாமாவும் பின்னால். மோதி பாக்கில் என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. மேம்பாலத்தின் ஏற்றத்தில் கார் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றது. பின்னாலிருந்த தில்லி முழுவதும் ஹாரன் அடித்தது.

அம்மா பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். இறங்கி, கையை நீட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டாள். அந்த ஆட்டோ கேஸில் ஓடுவது. அதற்குக் கச்சாவும் தெரியாது, வரியும் தெரியாது. துள்ளிக்கொண்டு போய்விட்டது.

டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "சர், கச்சா கிர் கயா!" கச்சா விழுந்துவிட்டது.

போலீஸ்காரர் மாமாவின் இடுப்பைப் பார்த்தார். பிறகு சந்தேகத்தோடு அப்பாவின் இடுப்பைப் பார்த்தார்.

"கிஸ்கா?" யாருடையது?

"பூரி துனியா கா, சர்!" உலகம் முழுவதற்கும் விழுந்துவிட்டதாக மாமா வருத்தத்தோடு அறிவித்தார்.

போலீஸ்காரர் அதற்குமேல் விசாரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, மாமாவோடு சேர்ந்து அவரே தள்ளினார். நானும் பள்ளிப் பையோடு தள்ளினேன். உச்சியைத் தாண்டியதும் கார் தானாக உருண்டு பாலத்துக்குக் கீழே இருந்த பங்குக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே புது விலை எழுதிய பலகை இருந்தது. மூச்சிரைக்க ஓடிவந்த மாமா அதை அண்ணாந்து பார்த்தார். அதே சில்லறைதான் குறைந்திருந்தது.

"டேங்க் ஃபுல் கர் தோ" என்றார் அப்பா.

அம்மா இருபது நிமிஷம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாளாம். நல்லவேளை, தேர்வு நடத்துகிறவர்கள் அவளைவிடத் தாமதம். இரண்டு மாதம் கழித்து நியமன உத்தரவு வந்தது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? சாயங்காலம் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றபடி அம்மா ஆரம்பித்தாள்.

"ஏங்க, நேத்தே பெட்ரோல் போடுதேன்னு சொன்னீங்களே. யாரு வேண்டாம்னா?"

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் காதுவரை சிவந்திருந்தது.

"யாரும் சொல்லல. நான்தான் மறந்துட்டேன்" என்றார் அப்பா.

நான் நீதியை நிலைநாட்ட வாயைத் திறந்தேன். அப்பா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அம்மா அரைமணி நேரம் விடாமல் திட்டினாள். அப்பா அத்தனையையும் வாங்கிக்கொண்டு சாப்பிட்டார். என் அப்பா அம்மாவுக்குப் பயந்து பொய் சொல்லுகிறவர் என்று அன்று முடிவு கட்டினேன். வெகுநாள் அந்த முடிவை மாற்றவில்லை.

அந்த வாரம்தான் கலெக்டர் பரீட்சையின் முடிவு வந்திருந்தது. மாமாவின் எண் அதில் இல்லை. அதுதான் அவருடைய கடைசித் தடவை. அதை அவர் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அம்மாவின் தேர்வு முடிகிறவரை அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டது.

அன்று எனக்குத் தெரிந்தது, மாமாவின் கண்ணிலிருந்து நீர் தட்டில் சொட்டியதும், அப்பா சட்டென்று, "மாப்ளைக்குப் பொடி காரம் போலுக்கு. தண்ணி கொண்டாம்மா" என்று என்னை அடுக்களைக்கு அனுப்பியதும்தான். தண்ணீரை வைத்துவிட்டு, அப்படி என்ன காரம் என்று அந்த மிளகாய்ப் பொடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது.