ஒன்பதாம் இடத்தில் நின்ற பாட்டு

சகாத்தா ஊர்த் தபால் நிலையத்தில் அந்தக் காலத்தில் அஞ்சலட்டையே தீர்ந்துபோனதென்றால், அதற்குக் கினுகோ ஒருத்திதான் காரணம். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். தீரவில்லை, குறைந்தது.

கினுகோவுக்கு அப்போது இருபத்தாறு வயது. மீன் அரைக்கும் ஆலையில் வேலை, ஒண்டி அறை. ஞாயிறு சாயங்காலம் பொதுக் குளியல் கூடத்துக்குப் போவாள். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே சுவர் உண்டு. அது கூரையைத் தொடாது. உள்ளூர் வானொலி வரிசைப்படுத்தும் வாரத்தின் பத்துப் பாட்டும் இரண்டு பக்கமும் கேட்கும். ஒன்பதாவதாக, மழையில் கடைசி பஸ்ஸை விட்டவளைப் பற்றி ஒரு பாட்டு வரும். உடனே சுவருக்கு அப்பாலிருந்து ஓர் ஆண்குரல் கூடவே பாடும். கரகரப்பான குரல், சுருதியும் ஓரம் போகும். வாரம் முழுக்கப் பேச ஆளில்லாத கினுகோவுக்கு அது போதுமாயிருந்தது. அடுத்த அடியை அவள் தாழ்ந்த குரலில் பாடுவாள். அவனுக்குக் கேட்டிருக்கும் என்றே நம்பினாள்.

நேயர்களின் அட்டைகளை எண்ணித்தான் வரிசை போடுவார்கள். பாட்டு வரிசையிலிருந்து விழுந்தால் குரலும் போய்விடுமே. வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று, ‘தூங்காத நண்டு’, ‘கலங்கரை விளக்கப் பூனை’ என்று புனைபெயர் வைத்து எழுதிப் போட்டாள். கோடை முழுக்கப் பாட்டு நின்றது. பிறகு விழுந்தது. குரலும் வரவில்லை. கினுகோ யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை.

நாற்பது வருஷம் கழித்து, போன ஞாயிறு, அந்தப் பழைய வரிசையை வானொலிக்காரர்கள் மறுபடி ஒலிபரப்பினார்கள். கினுகோ கழுத்தளவு வெந்நீரில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு வந்தது, முடிந்தது. அந்தப் பக்கம் யாரோ வாளியை நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

துடைத்துக்கொண்டு வாசல் மேடைக்கு வந்தாள். அங்கே உட்கார்ந்து காசு வாங்கும் யசுயோதான், இந்தக் கூடத்துக்காரர் வீட்டுக்கு மருமகளாய் வந்த நாள் முதல் இரண்டு பக்கத்தையும் பார்க்கிற ஒரே ஆள்.

“ஏன் யசுயோ, அப்பல்லாம் இந்தப் பாட்டுக்குக் கூடவே ஒருத்தர் பாடுவாரே, அவர் யாரு?”

“முடிவெட்டுற ஹதானோவையா கேக்குறீங்க? அதெல்லாம் ஒரு பாட்டா, அக்கா? அவரோட புள்ள, தலையில தண்ணி ஊத்தினா ஊரைக் கூட்டும். அந்தப் பாட்டுக்குத்தான் அடங்கும். அப்புறம் குடும்பத்தோட நீகாத்தா போயிட்டாங்க.”

“குடும்பமா?”

“அவர் பொண்டாட்டி உங்க பக்கத்துலதானே உக்காருவா. உங்க முதுகுகூடத் தேச்சு விட்டிருக்கா.”

குளித்தவர்கள் குடிக்க மேடையில் விற்கும் குளிர்ந்த பால் புட்டி ஒன்றைக் கினுகோ எடுத்துத் திறந்தாள். குடிக்கவில்லை.

“என்னவோ போ. கோடை முழுக்க அந்தப் பாட்டைத் தாங்கிப் பிடிச்சது நான் ஒருத்திதான்.”

“ஒருத்தியா? அவளும்தான் வாராவாரம் அட்டை எழுதிப் போடுவா. இந்த மேடையில வச்சுத்தான். பேனா என்னோடது.”