டிரெசா தூக்காத சிவப்பு அட்டை

டிரெசா நைக்விஸ்ட் சிவப்பு அட்டையைத் தூக்கியதே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

அமெரிக்காவின் டுலூத் நகரில் மாற்றுத்திறனாளி இளைஞர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பேசிக்கொள்ள ஒரு குழு வைத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, பீட்சாவும் வேன் சவாரியும்தான். கூட்டம் என்றால் ஆளுக்கு மூன்று அட்டை. பச்சை காட்டினால் சரி, மேலே போகலாம். மஞ்சள் என்றால் மெதுவாக. சிவப்பு என்றால் நிறுத்து, எனக்குப் புரியவில்லை. சிவப்பு எழும்பிவிட்டால் மேயராகவே இருந்தாலும் வாயை மூட வேண்டும். தூக்கியவர் பேசும்வரை வேறு யாரும் பேசக்கூடாது. ஒருமுறை கோட்டு போட்ட அதிகாரி ஒருவர் வந்து நிதி ஒதுக்கீடு பற்றி அளந்துகொண்டிருந்தபோது அறை முழுக்கச் சிவப்பு எழும்பியது. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. டிரெசா மட்டும் பச்சையைக் காட்டிக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். "இதெல்லாம் உனக்குப் புரியாது, விடு" என்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். புரியவில்லை என்று அவளே எதற்காகச் சொல்ல வேண்டும்?

இப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் துண்டு மடிக்கும் வேலை. தோழியோடு ஒரு சின்ன வாடகை வீடு, அதன் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில். வெள்ளிக்கிழமை வறுத்த மீன், சனிக்கிழமை பந்து உருட்டும் பௌலிங். வேலைக்குச் சேர்ந்தபோது அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். துணி உலர்த்தும் மெஷின் ஓடும்போது அந்த அறைக் கதவைச் சாத்தக்கூடாது. ஏன் என்று மேலாளர் கேட்டதற்கு, "வேர்க்குது" என்றாள்.

அவளுக்கு வேர்த்தது என்னவோ உண்மை. ஆனால் அது சூட்டினால் இல்லை.

இந்த வீட்டுக்கு வருமுன் அவள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். அங்கே கெயில் என்று ஒரு பணியாள். நல்ல குரல், நல்ல சிரிப்பு, வாய்க்கு வாய் தங்கம், கண்ணு. தட்டில் சாப்பாடு மிச்சம் வைத்தால், அம்மாவிடம் பேச வேண்டும் என்று அழுதால், டிரெசாவைக் கீழ்த்தளத்துச் சலவை அறைக்குள் தள்ளிப் பூட்டுவாள். விளக்கை அணைத்துவிட்டு உலர்த்தும் மெஷினை ஓடவிடுவாள். உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே கேட்காது. திறந்துவிடும்போது முடியைக் கோதிவிட்டு, "வெளிய சொன்னா உன்ன எப்பவுமே தனியா வாழ விடமாட்டாங்க தங்கம்" என்பாள்.

ஒரே ஒருமுறை டிரெசா இல்லத்தை நடத்தியவர்களிடம் சொல்லிப் பார்த்தாள். "கெயிலா? அவங்க தேவதைம்மா. நீ ஏதாவது கனவு கண்டிருப்ப" என்றார்கள். அதோடு வாயை மூடினாள். இன்றைக்கும் கழுத்தில் தொங்கும் வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளாமல் அவள் தூங்குவதில்லை.

பிப்ரவரியில், ஏரி உறைந்து கிடந்த ஒரு காலையில், ஊருக்கு வெளியே இருந்த ஓர் இல்லத்தில் அட்டை வகுப்பு எடுக்கப் போனார்கள். டிரெசாவும் ஆர்லோவும்தான் ஆசிரியர்கள். ஆர்லோவுக்குப் பெருமூளை வாதம், மோட்டார் நாற்காலியில்தான் நடமாட்டம். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவருவான், ஆனால் அத்தனையும் குசும்பு.

"டீச்சரம்மா, நான் வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பனியே உருகிடும். நீயே ஆரம்பி."

"வாய மூடுடா," என்றாள் டிரெசா.

வேன் ஓட்டி வந்த குழுவின் உதவியாள் லோர்னா வேனிலேயே இருந்துகொண்டாள். ஊனமில்லாத ஆள் ஒருவர் அறைக்குள் இருந்தால் எல்லாரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள், அதனால் உதவியாள் வேனில்தான் இருக்க வேண்டும் என்று விதி. சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவளே டிரெசாதான்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி இல்லத்துப் பிள்ளைகள் ஐந்து பேர். டிரெசா வழக்கம்போல முதல் வாக்கியத்தை முழங்கினாள்: "பணியாளர்கள் தயவுசெஞ்சு வெளிய இருங்க." காலை நேரத்துப் பெண் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். டிரெசா பச்சை சொல்லிக்கொடுத்தாள், மஞ்சள் சொல்லிக்கொடுத்தாள். ஒல்லியாய், தலையே நிமிர்த்தாத வெஸ்லி என்ற பையன்கூட மஞ்சளைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. ஒரு தட்டு நிறையக் பீநட் பட்டர் பிஸ்கட்டோடு, அடுத்த ஷிப்டுக்கான பணியாள் உள்ளே வந்தாள்.

"அட, நம்ம டிரெசாவா இது! கண்ணு, எவ்ளோ பெரிய ஆளாயிட்ட!"

கெயில்.

கெயில் அவளை அணைத்துக்கொண்டபோது இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. அந்தச் சத்தத்தை அவள் மறந்திருக்கவில்லை.

"நானும் உக்காந்து கத்துக்கறேனே," என்று கெயில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆர்லோ டிரெசாவைப் பார்த்தான். பணியாளர்கள் வெளியே போங்கள் என்பது அவள் சொல்ல வேண்டிய வாக்கியம், எல்லா வகுப்பிலும் ஊருக்கே கேட்கச் சொல்லுகிற வாக்கியம். இப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வேறு வழி தெரியாமல் அடுத்த கேள்விக்குத் தாவினாள்.

"இங்க உங்களுக்கு எல்லாம் சரியா இருக்கா?"

ஐந்து பச்சை அட்டைகள் எழும்பின. ஐந்து ஜோடிக் கண்களும் கெயிலைப் பார்த்தன.

அப்படித்தான் டிரெசாவும் ஒரு காலத்தில் தலையை ஆட்டினாள். விசாரிக்க வந்த அதிகாரிகள் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு போனார்கள்.

"வெஸ்லி தங்கம்," என்றாள் கெயில், தேனாக. "இன்னிக்கும் தட்டுல மிச்சம் வெச்சியாமே. பரவால்ல. கீழ துணி கெடக்கு. இது முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் போய் மெஷின்ல போட்டுட்டு வரலாம், என்ன?"

வெஸ்லி கையில் பச்சை அட்டை இன்னும் உயர்ந்தே இருந்தது. அவன் அதைக் கீழே இறக்கவில்லை, இறக்கப் பயந்தான்.

டிரெசா வாசலைப் பார்த்தாள். எழுந்து வேனுக்கு ஓடிவிடலாம். ஓடினால் இந்தப் பையன் கீழே போவான். பேசினால்? மறுபடியும் தேவதை என்பார்கள். இவளுக்குத் தனி வீடு சரிப்பட்டு வரவில்லை, கற்பனை அதிகம் என்பார்கள். கழுத்துச் சாவியை இறுக்கிப் பிடித்தாள். சிவப்பு அட்டை அவள் முன்னால்தான் கிடந்தது. ஆனால் சிவப்பு புரியாதபோது தூக்குவது. அவளுக்கோ எல்லாமே புரிந்தது. விதியை மீறி அவளுக்குப் பழக்கமில்லை.

இல்லை, ஒன்று மட்டும் புரியவில்லை.

அட்டையைத் தூக்கினாள்.

ஆர்லோவின் வாய் பிளந்துவிட்டது. "சி…வப்பு," என்றான். "யாரும்… பேசக்… கூடாது."

கெயில் சிரித்தாள். "என்ன கண்ணு புரியல? நான் சொல்லித் தரேன் வா."

"யா…ரும்."

அறை அடங்கியது. கீழ்த்தளத்தில் மெஷின் ஓடும் சத்தம் தரை வழியாக அவள் காலுக்கு ஏறியது. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மூடினாள். அவளுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள், கெயில்கூட. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"இவங்க…" என்றாள். "இவங்க ஏன் இன்னும் பிள்ளைங்க இருக்கற எடத்துல வேல பாக்கறாங்க? எனக்கு அது புரியல." பிறகு, அழுதுகொண்டே, தன் பழைய வாக்கியத்தைச் சொன்னாள். "பணியாளர்கள் தயவுசெஞ்சு வெளிய இருங்க."

கெயிலின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் மாறின. மெதுவாக எழுந்தாள். "அப்புறம் பேசிக்கலாம் தங்கம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. கீழிடுக்கில் அவளுடைய காலணிகளின் நிழல் நின்றது, நகரவில்லை.

ஆர்லோ நாற்காலியை ஓட்டிக்கொண்டு போய்க் கதவுக்குக் குறுக்கே நிறுத்தினான். மடியிலிருந்த போனில் ஒரு விரலால் லோர்னாவின் எண்ணைத் தேட ஆரம்பித்தான். அது நேரமெடுக்கும்.

வெஸ்லி மஞ்சள் அட்டையைத் தூக்கினான். மெதுவாக, என்று அர்த்தம். கதவைப் பார்த்தபடியே டிரெசாவின் பக்கம் சாய்ந்தான்.

"உன்ன வெச்சிருந்த ரூம்ல லைட்டு இருந்துச்சா?"

அப்படி ஓர் அறை நிஜமாகவே இருந்ததா என்று அவன் கேட்கவில்லை.

"இல்ல," என்றாள் டிரெசா. "ஒனக்கு?"